நீலகிரிப் புல்வெளியின் நிலவாழ் ஆர்க்கிட்: வாழ்வியலும் சொல்லாட்சியும்

முன்னுரை

ஆர்க்கிட் என்றவுடன் மரக்கிளையில் தொற்றி வாழும் செடியே நினைவுக்கு வருகிறது. பாடநூல்களும் வாண்டாவை எடுத்துக்காட்டி அதனைத் தொற்றுத்தாவரமாகவே அறிமுகம் செய்கின்றன. எனினும், மண்ணில் வேரூன்றி வாழும் ஆர்க்கிட்டுகளும் பல உள. அவற்றுள் ஒன்றான சட்டீரியம் நேப்பாலென்சே, நீலகிரி, பழனி மலைகளின் உயர்புல்வெளிகளில் வளர்வது. அதன் வாழ்வியலை விளக்கி, அப்புல்வெளியைத் ‘தரிசு’ எனச் சுட்டுவது பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் தோற்றமும்

நேபாளத்துச் செடியைக் கொண்டு டேவிட் டான் 1825இல் இதற்குப் பெயரிட்டார். இமயம் முதல் இலங்கை வரையிலான மலைப்பகுதிகளில் இது காணப்படுகிறது. இதன் அடியில் சதைப்பற்றுள்ள இலைகள் சில உள்ளன. நிமிர்ந்த தண்டின் நுனியில் இளஞ்சிவப்பு மலர்கள் கதிராகச் செறிந்துள்ளன. பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் மொட்டு வளரும்போது சூலகம் முறுக்கிக்கொள்வதால் உதட்டிதழ் கீழ்ப்புறம் அமைகிறது. இங்கு அம்முறுக்கம் நிகழ்வதில்லை. ஆதலால் உதட்டிதழ் மேற்புறம் முக்காடுபோல் கவிந்து, பின்புறம் இரு தேன்குழல்களாக நீள்கிறது.

கிழங்கும் பூஞ்சையும்

நீலகிரியில் இது ஆவணி, புரட்டாசி மாதங்களில் பூக்கிறது. பின்வரும் உறைபனிக் காலத்தில் மேற்பகுதி மடிந்துவிடுகிறது. மண்ணுள் இருக்கும் பழைய கிழங்கு தன் உணவை அவ்வாண்டின் தண்டுக்கு அளித்துச் சுருங்க, அருகே மறு ஆண்டிற்குரிய புதுக்கிழங்கு முதிர்கிறது. புல் கருகி நிலம் வெறுமையாகத் தோன்றும்போதும் செடி மண்ணுள் உயிர்த்திருக்கிறது.

விதைகள் தூசு போன்றவை. முளைக்கருவுக்கு உணவூட்டும் முளைசூழ்தசை அவற்றில் இல்லை. மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையின்றி அவை இயற்கையில் செடியாக வளர்வதில்லை. எனவே இச்செடியின் வாழ்வு அந்த மண்ணோடு பிணைந்தது.

‘தரிசு’ என்னும் சொல்

பயிரிடப்படாத நிலத்தைத் தரிசு என்பது வேளாண் நோக்கு. காலனிய நில நிர்வாகமும் புல்வெளியைப் பயனற்ற நிலமாகவே கருதியது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குக் கொணரப்பட்ட சீகை, கற்பூர மரங்கள் பின்னர்ப் புல்வெளிகளில் பரவலாக நடப்பட்டன. அவற்றின் நிழலில் புல் அருகியது. வெயிலை நாடும் நிலவாழ் ஆர்க்கிட்டுகளும் இடமிழந்தன. மரம் நடுதல் எங்கும் நன்மையே என்னும் எண்ணத்திற்கு ‘தரிசு’ என்னும் சொல் துணைநின்றது எனலாம்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, உயிர்களை அவற்றின் கருப்பொருளாகக் கொள்கிறது. இச்செடி சங்கப் பாடல்களில் சுட்டப்பட்டுள்ளது என்பது இங்குக் கருத்தன்று. நிலத்தை அதன் விளைச்சலால் அளவிடாமல், அதற்குரிய உயிர்களால் அறியும் முறை தமிழில் உண்டு என்பதே கருத்து. புல்வெளி மண்ணும் மழை, பனிப் பருவங்களும் இன்றி இவ்வார்க்கிட்டின் வாழ்வை விளக்க இயலாது.

முடிவுரை

ஆர்க்கிட்டுகள் அனைத்தையும் தொற்றுத்தாவரம் எனப் பொதுமைப்படுத்தாமல், இத்தகையவற்றை ‘நிலவாழ் ஆர்க்கிட்’ எனத் தனித்துச் சுட்டுதல் வேண்டும். அவ்வாறே இவற்றின் வாழிடத்தைத் ‘தரிசு’ என்பதைத் தவிர்த்து ‘மலைப்புல்வெளி’ எனக் குறித்தல் தகும். சூழலியல் நோக்கில் திணையை ஆராய்வோர் சோலைக்குத் தரும் கவனத்தை அதனைச் சூழ்ந்த புல்லுக்கும் தருதல் வேண்டும்.