நுரை வேறு, வேகம் வேறு

ஆடி பிறந்தால் நாளிதழ்களில் பிலிகுண்டுலு என்ற பெயர் அடிபடத் தொடங்கிவிடும். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் அந்த இடத்தில் மத்திய நீர் ஆணையம் ஆற்றை அளக்கிறது. விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று மறுநாள் செய்தி வருகிறது. நிற்காமல் ஓடும் தண்ணீரை எப்படி அளந்தார்கள்? ஆற்றின் அகலம், சராசரி ஆழம், நீரின் வேகம் மூன்றையும் பெருக்கினார்கள். அடிப்படை அவ்வளவுதான்.

இதே கணக்கைப் பள்ளி மாணவர்களும் போடலாம். புவியியல் களப்பணியில் உலகெங்கும் போடுகிறார்கள். கரையிலிருந்து மறுகரைக்கு நாடாவை இழுத்துக் கட்ட வேண்டும். நாடாவை ஒட்டியே நடந்து, சம இடைவெளிகளில் அளவுகோலை நட்டு ஆழம் பார்க்க வேண்டும். வேகத்துக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். அது முக்கால்வாசி மூழ்கியே மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. 10 மீட்டரைக் கடக்க 21 விநாடி ஆனால் மேற்பரப்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.48 மீட்டர். ஆனால் அடியில் உள்ள நீர் தரையில் உரசிப் பின்தங்குகிறது. அதனால் 0.85 ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்வார்கள், 0.4 மீட்டர் கிடைக்கும். ஆற்றின் அகலம் 12 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் விநாடிக்கு 2.4 கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 85 கன அடி. நீரோட்டமானி வைத்திருப்பவர்கள் மேலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் அதை இறக்குவார்கள். அங்கே கிடைக்கும் வேகம் அந்த நிலைக்குத்தின் சராசரிக்கு மிக நெருக்கமாக இருக்கும்.

இதை ஓரிடத்தில் மட்டும் செய்தால் அது ஒரு எண், அவ்வளவே. மலையடிவாரத்தில் தொடங்கிக் கடல்வரை பல இடங்களில் செய்தால்தான் சுவாரசியம். அதற்குத் தாமிரபரணியைவிட வசதியான ஆறு தமிழ்நாட்டில் இல்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்வதற்குள் சுமார் 125 கிலோமீட்டர்தான். காலையில் பாபநாசத்தில் நாடாவை விரித்தால் சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் என்று பொழுது சாய்வதற்குள் ஒரு சுற்று அளந்துவிடலாம். ஒரே நாளில் அளப்பது முக்கியம். நேற்றைய பாபநாசத்தையும் இன்றைய நெல்லையையும் ஒப்பிட்டால் இடையில் பெய்த மழை கணக்கைக் குழப்பிவிடும். அணையிலிருந்து எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளாமல் ஆற்றில் இறங்கவும் கூடாது.

புறப்படும் முன் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது: ஆறு எங்கே வேகமாக ஓடும்? அநேகமாக எல்லோரும் மலையடிவாரம் என்றே எழுதுவார்கள். பாறையில் மோதி, நுரைத்து, இரைச்சலிட்டு வரும் தண்ணீரைப் பார்த்தவர் வேறென்ன எழுதுவார்? நெல்லையில் குறுக்குத்துறைப் பக்கம் ஆறு ஓசையே இல்லாமல் போகிறது. அது சோம்பலாகத்தான் தெரியும்.

புவியியலாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1953இல் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் வெளியிட்ட ஆய்வில் லூனா லியோபோல்டும் தாமஸ் மேடக்கும் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். ஆற்றளவு நிலையங்களில் ஆண்டுக்கணக்காகக் குவிந்து கிடந்த பதிவுகளை எடுத்து வரைபடமாக்கினார்கள். ஆறு கீழே இறங்க இறங்க அகலமும் ஆழமும் கூடின, அதில் வியப்பில்லை. ஆனால் சராசரி வேகமும் குறையவில்லை, சற்றே கூடியது. அவர்கள் கண்ட சராசரிப்படி, நீரளவு நூறு மடங்கானால் அகலம் பத்து மடங்காகும், ஆழம் ஆறு மடங்குக்கு மேல் போகும், வேகம் ஒன்றரை மடங்கை ஒட்டி நிற்கும். எல்லா ஆற்றிலும் வேகம் கூடும் என்பதில்லை, சிலவற்றில் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். நாம் நினைக்கிற அளவுக்குச் சரிவதில்லை என்பதே செய்தி.

சரிவு குறையும்போது வேகம் எப்படிக் குறையாமல் இருக்கிறது? உராய்வில் இருக்கிறது விடை. 10 மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள ஓடையில் தண்ணீர் தரையையும் கரையையும் தொடும் நீளம் 11 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 5 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டர் நீருக்கும் 2.2 மீட்டர் உரசல். 100 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள ஆற்றில் தொடும் நீளம் 106 மீட்டர், பரப்பு 300. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு உரசல் 0.35 மீட்டர்தான். போதாததற்கு மலையோடையின் தரை முழுக்கப் பாறை, கீழே மணல். மேலே தண்ணீரின் ஆற்றலில் பெரும்பகுதி சுழல்வதிலும் பின்னோக்கித் திரும்புவதிலும் இரைவதிலும் செலவாகிறது. நாம் வேகம் என்று எண்ணிப் பார்த்து நின்றதெல்லாம் அந்த விரயத்தைத்தான். குறுக்குத்துறையில் சத்தமில்லாத கசத்தில் இறங்கி ஆபத்தில் சிக்குபவர்களையும் இந்தத் தோற்றமே ஏமாற்றியிருக்கும்.

கற்களையும் அளக்க வேண்டும். மேலே பாறைத் துண்டு, நடுவில் கூழாங்கல், கீழே மணல் என்று சிறுத்துக்கொண்டே போகும். கண்ணால் தேர்ந்தெடுத்தால் அழகான கல்லும் பெரிய கல்லும்தான் கைக்கு வரும். அதனால் ஓரடி வைத்து, வேறெங்கோ பார்த்தபடி குனிந்து, விரலில் முதலில் படும் கல்லை எடுக்க வேண்டும். கார்டன் வுல்மன் 1954இல் வகுத்த முறை இது. நூறு கற்கள் எடுப்பது வழக்கம். கல் உருண்டு தேய்வதால் மட்டும் சிறுப்பதில்லை. பெரியதை வழியிலேயே விட்டுவிட்டுச் சிறியதை மட்டும் ஆறு தூக்கிச் செல்கிறது.

இவ்வளவும் பாடப்புத்தகம் சொல்வது. தாமிரபரணியில் அளக்கப் போனால் புத்தகத்தோடு ஒரு சண்டை காத்திருக்கிறது. வழியில் மணிமுத்தாறு சேர்கிறது, திருப்புடைமருதூரில் கடனாநதி, சீவலப்பேரியில் சிற்றாறு. அதன்படி நீரளவு ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆனால் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. ஒவ்வொன்றிலும் கால்வாய்கள் பிரிந்து வயலுக்கும் குளத்துக்கும் போகின்றன. துணையாறு ஏற்றியதைக் கால்வாய் இறக்கிவிடும். வரைபடம் ஏறி இறங்கி, சாகுபடிக் காலத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே தரைதட்டும். மேலேயுள்ள அணைகள் மணலையும் கல்லையும் தடுத்து நிறுத்துவதால் கல் கணக்கும் சீராக வராது.

இதைக் 'களப்பிழை' என்று அடித்துவிடச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அடிக்கக்கூடாது. லியோபோல்டும் மேடக்கும் சொன்னதைக் கூர்ந்து படித்தால், ஆற்றின் வடிவம் மூலத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மழை நாடுகளில் இரண்டும் சேர்ந்தே கூடுவதால் வேறுபாடு தெரிவதில்லை. இங்கே தெரிகிறது. முக்கொம்பில் கொள்ளிடமும் கல்லணையில் வெண்ணாறும் பிரிந்த பிறகு, கிளை கிளையாக வயல்களுக்குக் கொடுத்துக்கொண்டே போகும் காவிரி, திருச்சியில் இருந்த அகலத்தை இழந்து பூம்புகாரில் ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. விதி அங்கே பொய்க்கவில்லை. நீர் குறைந்தது, ஆறும் குறுகியது.

கடைசி அளவை முகத்துவாரத்தில் எடுக்க வேண்டாம். புன்னைக்காயலில் கடல் ஏற்றத்தின்போது ஆரஞ்சுப் பழம் மேற்கு நோக்கித் திரும்பி வரக்கூடும். அந்த எண்ணை எந்தச் சூத்திரத்தில் போடுவது என்று யாருக்கும் புரியாது.