நோயுற்ற கோழிக்குஞ்சை வீட்டில் பராமரித்தல்

அடைவைத்த 21ஆம் நாள் பொரித்து வெளிப்படும் குஞ்சுகளுள் ஒன்றிரண்டு தலையைத் தொங்கவிட்டு, இறகு தளர்ந்து, கூட்டத்தோடு சேராமல் ஒதுங்கி நிற்பதைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். எப்படியும் செத்துவிடும் என்று அதைக் கைவிடுவதே வழக்கமாயிருக்கிறது. ஆனால் அவற்றுள் வியாதியால் அல்லாமல், குளிராலும் தாகத்தாலும் மடிவனவும் உண்டு.

பொரித்த குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி முதல் சில நாட்களில் போதாது. ஆகையால் முதல் வாரத்தில் அதன் இருப்பிடத்தில் ஏறக்குறைய 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் இருத்தல் வேண்டும். பின்னர் வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். ஒரு பெட்டியில் கோணியை விரித்து, ஒரு பக்கத்தில் மட்டும் 40 அல்லது 60 வாட் மின்விளக்கைத் தீப்பற்றாத உயரத்தில் தொங்கவிடுக. உஷ்ணம் மிகுந்தால் விலகிச் செல்ல மறுபக்கம் குளிர்ச்சியாயிருத்தல் அவசியம். உஷ்ணமானி இல்லாத வீட்டில் குஞ்சே உஷ்ணமானியாகும். ஓயாது கீச்சிட்டுக்கொண்டு விளக்கடியில் ஒடுங்கினால் சூடு போதவில்லை. அலகைத் திறந்து இளைத்தால் சூடு மிகுதி. செய்தித்தாளை மட்டும் விரிப்பாக இடுதல் கூடாது; வழுக்குந் தரையில் கால்கள் இருபுறமும் அகன்று குஞ்சு முடமாகும். அகன்ற கால்களை உடனே கவனித்து, மெல்லிய துணி நாடாவால் இயல்பான இடைவெளியில் பிணைத்து வைத்தால், சில நாட்களில் நிமிர்ந்து நிற்கக்கூடும்.

முட்டையின் மஞ்சட்கரு பொரிக்குமுன் குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுவதால், இரண்டு நாள் வரை இரையின்றியும் அது தாங்கும். எனவே வாயைப் பிளந்து தீனி திணிப்பது வீண் வேலை. தண்ணீரே முதலில் வேண்டுவது. இளவெந்நீரில் சிறிது சர்க்கரை கரைத்து, அலகின் நுனியை மட்டும் நனைத்தால் அதுவாகவே குடிக்கும். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

எச்சம் காய்ந்து மலவாயை அடைத்துக்கொள்வது அடிக்கடி நேரும் தொல்லை. வெந்நீரில் நனைத்த துணியால் ஊறவைத்து மெதுவாக நீக்கி, ஈரம் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுதல் போதுமானது. சற்றுக் கீழேயுள்ள தொப்புளின் பொருக்கை எச்சமென்று எண்ணிப் பிய்த்துவிடலாகாது.

தொப்புள் அழற்சியுற்று, வயிறு உப்பித் துர்நாற்றம் வீசும் குஞ்சு பெரும்பாலும் பிழைப்பதில்லை. இரண்டு வாரத்துக்குள் வெளுத்த கழிச்சலோடு பல குஞ்சுகள் மடிந்தால் புல்லோரம் நோயெனச் சந்தேகிக்க வேண்டும். இது தாய்க்கோழியின் முட்டை வழியாகவே வருவது. பிழைத்த குஞ்சும் வளர்ந்தபின் தன் முட்டைகளில் நோயைச் சுமக்கும். இரக்கப்பட்டுக் காத்த ஒன்றை இனவிருத்திக்கு வைப்பதால் பண்ணையே கெடக்கூடும். ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று வழங்கும் இராணிக்கேத் நோய் இதனின் வேறு. அது வந்தபின் மருந்தில்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி தடுப்பு மருந்து விடுவதே காப்பு.

நோயுற்ற குஞ்சைத் தனியே வைத்து, தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். இந்நோய்க்கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த சில மனிதரையும் பற்றும். இறந்தவற்றைக் குப்பைமேட்டிலோ குளத்திலோ எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்தல் அவசியம். பல வீடுகளில் ஒருங்கே சாவு காணின், கிராம அலுவலர் அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிப்பாராக.