பெட்டிக்குள் பூதம் இல்லை!
மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



எங்க மாமா டூவீலர் மெக்கானிக். வண்டி வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே "பெட்ரோல் ஜாஸ்தி போகுது" என்பார். பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும். கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவார். அவ்வளவுதான், வண்டி சரியாகிவிடும்.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்தது. அதன்பிறகு வந்த பைக்குகளில் பெரும்பாலானவை ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள். அதில் திருப்புவதற்கு ஸ்க்ரூ கிடையாது. சீல் வைத்த ஒரு கறுப்புப் பெட்டிதான் இருக்கிறது. அதுதான் இ.சி.யு. அந்த வண்டி வந்தால் மாமா கையைத் துடைத்துக்கொண்டு, "கம்பெனி சர்வீஸுக்கே கொண்டு போயிருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஏன்டா மாப்ள, மூணு வருஷமாப் படிக்கிற. இந்தப் பொட்டிக்குள்ள என்னதான் இருக்குன்னு சொல்லு பாப்போம்."

எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. ரெக்கார்டு நோட்டில் ஒரு கட்டம் போட்டு, உள்ளே போக நாலு அம்பு, வெளியே வர ரெண்டு அம்பு வரைந்து கையெழுத்து வாங்கியிருந்தேன். கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. பதிலைத் தேடிப் போனேன். அதை எனக்குச் சொல்லித் தந்தது அமெரிக்காவில் ஏழைப் பந்தயம் ஓட்டுகிறவர்களின் கதை.

கை சுருங்கியவர்களின் பந்தயம்

பந்தயம் என்றதும் கோடிக்கணக்கில் செலவழிக்கும் ஃபார்முலா ஒன் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் சாதாரண வேலை பார்ப்பவர்களும் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டுகிறார்கள். காலியான பார்க்கிங் மைதானத்தில் ரப்பர் கோன்களை வைத்து, நேரம் பார்த்து ஓட்டுவதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். 2006-ல் தொடங்கிய '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' பந்தயத்தின் விதியைக் கேட்டால் சிரிப்பு வரும். பாதுகாப்புச் சாமான்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் காரின் விலை 500 டாலரைத் தாண்டக்கூடாது!

இப்படிப்பட்டவர்கள் பழைய காரில் கேம் ஷாஃப்டை மாற்றுவார்கள், டர்போ மாட்டுவார்கள். காற்று கூடுதலாக உள்ளே போகும். ஆனால் கம்பெனி இ.சி.யு.வுக்குள் இருப்பதோ பழைய என்ஜினுக்கான கணக்கு. அதை மாற்ற விடமாட்டார்கள். மாற்றக்கூடிய ரேஸ் இ.சி.யு. வாங்கலாம் என்றால் காரைவிட அதன் விலை அதிகம். என்ன செய்வது? நாமே செய்துவிடலாம் என்று சிலர் இறங்கினார்கள்.

அவர்களில் முக்கியமானவர்கள் புரூஸ் போலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர். முதலில் மோட்டோரோலாவின் 68332 என்ற 32 பிட் சிப்பை வைத்து ஒரு திட்டம் நடந்தது. அதைக் கட்டி முடிப்பது சாதாரண ஆட்களுக்கு எட்டாத வேலையாக இருந்தது. பிறகு இருவரும் எளிமையின் பக்கம் திரும்பினார்கள். 2001-ல் 'மெகாஸ்குவர்ட்' வந்தது. அதில் இருந்தது வெறும் 8 பிட் மோட்டோரோலா மைக்ரோகன்ட்ரோலர். போர்டையும் சாமான்களையும் வாங்கி வீட்டு மேஜையில் நாமே சால்டர் செய்துகொள்ளலாம். சர்க்யூட், புரோகிராம், விளக்கம் எல்லாவற்றையும் படிக்கக் கொடுத்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: முதல் மாடல் பெட்ரோலை மட்டுமே பார்த்துக்கொண்டது, இக்னிஷனைத் தொடவில்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிடிக்கப் போகாமல் ஒரு வேலையை ஒழுங்காக முடித்தார்கள்.

பெட்டி போடும் கணக்கு

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். பெட்டி கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த முறை சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது?" அது தெரிந்தால் பெட்ரோல் அளவும் தெரியும். 1 பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்.

காற்றை எப்படி எடை போடுவது? நாம் தெர்மலில் படித்த பி.வி. = எம்.ஆர்.டி. சூத்திரம்தான்! அழுத்தத்தை மேனிஃபோல்டில் உள்ள பிரஷர் சென்சார் சொல்லும், வெப்பத்தைத் தெர்மிஸ்டர் சொல்லும், கொள்ளளவு நமக்கே தெரியும்.

200 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் 100 கிலோ பாஸ்கல், வெப்பம் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின். சிலிண்டர் முழுக்க நிரம்பினால் காற்று 0.232 கிராம். ஆனால் என்ஜின் எப்போதும் முழுக்க மூச்சு இழுப்பதில்லை. 80 சதவீதம்தான் நிரம்புகிறது என்றால் 0.186 கிராம். 14.7-ஆல் வகுத்தால் தேவையான பெட்ரோல் 12.6 மில்லிகிராம்.

இன்ஜெக்டர் என்பது கரண்ட் கொடுத்தால் திறக்கும் ஒரு வால்வு. நிமிஷத்துக்கு 150 சி.சி. ஊற்றும் இன்ஜெக்டர் என்றால் 1 மில்லி செகண்டுக்குச் சுமார் 1.85 மில்லிகிராம் வரும். ஆக 6.8 மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும். வால்வு திறந்துகொள்ளவே ஏறக்குறைய 1 மில்லி செகண்ட் பிடிக்கும், அதையும் கூட்டினால் 7.8. அவ்வளவுதான் நண்பர்களே! த்ராட்டிலை மூடி அழுத்தம் 50 ஆனால் பெட்ரோல் ஊற்றும் நேரம் பாதியாகும். வெயிலில் காற்று சூடானால் கொஞ்சம் குறையும். என்ஜின் குளிர்ந்திருந்தால் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

6000 ஆர்.பி.எம்.-ல் இரண்டு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட் ஆகிறது. அதற்குள் பெட்டி இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க வேண்டும். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. சிப்புக்கோ தாராளமான நேரம்.

64 கட்டங்களின் ரகசியம்

அந்த 80 சதவீதம் எங்கிருந்து வந்தது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. என்ஜின் எவ்வளவு மூச்சு இழுக்கும் என்பது வேகத்துக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று என மாறும். அதைச் சூத்திரத்தால் துல்லியமாகச் சொல்ல முடியாது. எனவே ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள். முதல் மெகாஸ்குவர்ட்டில் வேகத்துக்கு 8, அழுத்தத்துக்கு 8, மொத்தம் 64 கட்டங்கள். என்ஜின் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் ஓடினால், பக்கத்து எண்களை வைத்து நடு மதிப்பைப் பெட்டி கணக்குப் பண்ணிக்கொள்ளும்.

அந்த 64 எண்களையும் நிரப்புவது மனிதன். வண்டியை ஓட்டி, புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் என்ன சொல்கிறது என்று பார்த்து, பெட்ரோல் குறைந்தால் எண்ணைக் கூட்டி, அதிகமானால் குறைக்க வேண்டும். முழு பவர் வேண்டுமென்றால் 14.7-க்குப் பதில் 12.5, 13 என்று கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் விடுவார்கள்.

நாங்கள் சுட்டுக்கொண்ட விரல்

படித்தது போதாது என்று, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பனுடன் சேர்ந்து ஒரு சின்ன மாதிரி செய்தேன். ஆஸ்திரேலியர் ஒருவர் தொடங்கிய 'ஸ்பீடுயினோ' என்ற இ.சி.யு. திட்டம் ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடுகிறது. அதைப் பார்த்து அதே போர்டை வாங்கினோம். சென்சார்களுக்குப் பதில் மூன்று பொட்டென்ஷியோமீட்டர்: ஒன்று வேகம், ஒன்று அழுத்தம், ஒன்று வெப்பம். மெகாஸ்குவர்ட்காரர்களும் இப்படித்தான், வண்டியில் மாட்டும் முன் மேஜையில் சோதிக்க ஒரு தனி போர்டு வைத்திருக்கிறார்கள்.

எல்.இ.டி. அழகாகக் கண் சிமிட்டியது. அந்தத் தைரியத்தில் ஒரு பழைய இன்ஜெக்டரை மாட்டினோம். கொஞ்ச நேரத்தில் மாஸ்ஃபெட் புகைந்துவிட்டது! தொட்டுப் பார்த்த என் விரலும் சுட்டது. காரணம் முதல் வருஷப் பாடம்தான். இன்ஜெக்டர் ஒரு காயில். காயிலில் ஓடும் கரண்டைத் திடீரென்று வெட்டினால் பெரிய வோல்டேஜ் எகிறும். அதற்கு வழி விட ஒரு டயோடு வைக்க மறந்திருந்தோம். பரீட்சையில் 'பேக் இ.எம்.எஃப்.' பற்றி 5 மார்க் வாங்கியவன்தான் நான்! அடுத்த மாஸ்ஃபெட்டுடன் டயோடும் வைத்தோம். பெட்ரோல் இல்லாமலே 'டிக் டிக்' என்று இன்ஜெக்டர் பேச ஆரம்பித்தது.

ஒரு எச்சரிக்கை

பெட்ரோலும் சூடான சால்டரிங் அயர்னும் ஒரே மேஜையில் இருக்கக்கூடாது. பெட்ரோல் குறைவாக விட்டு டர்போ என்ஜினை முறுக்கினால் பிஸ்டன் உருகிவிடும். ரோட்டில் ஓடும் வண்டியின் இ.சி.யு.வை மாற்றினால் புகை விதியை மீறியதாகும். இது மேஜைக்கும் பந்தய டிராக்குக்கும் உரிய வித்தை. அப்படி ஒரு இடம் நமக்கும் தூரமில்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் மாணவர் போட்டிகள் நடந்திருக்கின்றன. ஃபார்முலா மாணவர் விதிப்படி பெட்ரோல் என்ஜின் 20 மில்லி மீட்டர் துளை வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். பைக் கம்பெனியின் எண்கள் அங்கே பொருந்தாது. அந்த அட்டவணையை யாராவது ஒரு மாணவர் உட்கார்ந்து நிரப்பத்தான் வேண்டும்.

மாமா சொன்னது

மாதிரியை மாமாவின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அழுத்தத்தின் குமிழைத் திருப்பச் சொன்னேன். டிக் சத்தம் நீண்டது, குறைந்தது. ரெண்டு மூணு தரம் திருப்பிப் பார்த்தார். "அட, நான் ஸ்க்ரூவுல பண்றதைத்தான் இது கணக்காப் போடுதா?" என்றார். ஆமாம் என்றேன். லேப்டாப்பில் 64 கட்டங்களைக் காட்டினேன். "இந்த நம்பரை யார் போடுவா?" என்று கேட்டார். "வண்டிச் சத்தம் புரியறவங்க போடணும் மாமா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு மேஜை பக்கத்தில் உட்கார்ந்தார்.

நண்பர்களே, நாம் ரெக்கார்டு நோட்டில் வரைகிற ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்த முறை கட்டம் போடும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நமக்காக இல்லாவிட்டாலும், வீட்டில் நம்மைக் கேட்கப்போகிறவர்களுக்காகவாவது கேளுங்கள்.