வாக்குச்சீட்டின் அடிப்பகுதி: அமெரிக்காவில் கவுண்டித் தேர்தல்

நம் ஊரில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் ஜமாஅத்துக்குச் சொல்லி, கபர் தோண்ட ஆள் அனுப்பி, பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் முடிந்துவிடும். அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகளின் வீட்டில் அதே மவுத் திடீரென்று நேர்ந்தால் நிலைமை வேறு. பிரேதப் பரிசோதனை வேண்டுமா, மய்யித்தை எப்போது குடும்பத்திடம் கொடுப்பது என்பதைப் பல இடங்களில் 'கரோனர்' என்ற அதிகாரி முடிவு செய்கிறார். இண்டியானா, பென்சில்வேனியா, தெற்குக் கரோலினா போன்ற மாநிலங்களில் இவர் பொதுவாக மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். இண்டியானாவில் இவர் டாக்டராக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை.

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் வந்தால் நம் ஊர் டீக்கடையிலும் அதே பேச்சுதான். ஆனால் அதே வாக்குச்சீட்டில், கீழே இறங்க இறங்க, இப்படிப்பட்ட பதவிகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வாழும் நம்மவர்களிலேயே பலர் மேலே இரண்டு மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மீதியை வெறுமையாக விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டு வாசல்வரை வரும் அதிகாரம் அந்த வெறுமையாக விட்ட பகுதியில்தான் இருக்கிறது.

கவுண்டி என்பதை ஏறக்குறைய நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். நாடு முழுவதும் 3,000-க்கு மேல் உண்டு. லூசியானாவில் இதற்குப் பெயர் 'பாரிஷ்'. கனெக்டிகட், ரோட் ஐலண்ட் ஆகிய இரு மாநிலங்களில் கவுண்டி நிர்வாகமே கிடையாது. டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி வெறும் 64 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சுமார் 1 கோடிப் பேர்.

நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே கலெக்டர், எஸ்.பி., அரசு வழக்கறிஞர் யாரையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அங்கே நிர்வாகக் குழு மட்டுமின்றி ஷெரிஃப், கவுண்டி கிளார்க், பொருளாளர், சொத்து மதிப்பீட்டாளர், குற்றவியல் வழக்கறிஞர் என்று பலரும் பெரும்பாலான இடங்களில் தேர்தலில் நின்று வருகிறவர்கள். டெக்சாஸில் நிர்வாகக் குழுத் தலைவருக்குப் பெயர் 'கவுண்டி ஜட்ஜ்'. பெயரில் ஜட்ஜ் என்றாலும், சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் அந்த மாநிலத்தில் ஒரு கட்சிக்கு ஒரே குறி போட்டால் சீட்டு முழுவதும் அந்தக் கட்சிக்கே போய்விடும். 2020 முதல் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீதிபதிகளும் சேர்வதால் ஹூஸ்டன் போன்ற நகரங்களில் சீட்டு மிக நீளம்.

இந்தியர்கள் நிறைந்த எடிசன் நகரம் நியூஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுக்கப்படும் பதவிகளில் ஒன்று 'சரோகேட்'. பதவிக்காலம் 5 ஆண்டு. ஒருவர் இறந்த பின் அவருடைய உயிலைப் பதிவுக்கு எடுத்துக்கொள்வதும், உயில் இல்லாவிட்டால் சொத்தை நிர்வகிக்க ஆளை நியமிப்பதும் இந்த அலுவலகம்தான். வஸிய்யத் எழுதி வைத்தவர்கள், எழுதாமல் விட்டவர்கள் இரு தரப்பின் வாரிசுகளும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது.

அதே மாநிலத்தில் கவுண்டி கிளார்க் என்பவர் வாக்குச்சீட்டை வடிவமைக்கிறார். இதில் என்ன பெரிய அதிகாரம் என்று தோன்றும். பல்லாண்டுகளாக, உட்கட்சித் தேர்தல்களில் கவுண்டிக் கட்சித் தலைமை ஆதரிக்கும் வேட்பாளர்களை எல்லாம் ஒரே வரிசையில் பளிச்சென்று அச்சிட்டு, மற்றவர்களை ஓரத்தில் தள்ளும் வழக்கம் பெரும்பாலான கவுண்டிகளில் இருந்தது. ஓரத்தில் விழுந்தவர் ஜெயிப்பது அரிது. 2024 மார்ச்சில், அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலுக்கு அந்த முறை கூடாது என்று ஃபெடரல் நீதிபதி ஜாஹித் குரைஷி தடை விதித்தார். ஃபெடரல் மாவட்ட நீதிபதியான முதல் முஸ்லிம் அவர்.

ஷெரிஃப் என்றதும் நம்மில் வயதானவர்களுக்குச் சென்னை ஷெரிஃப் நினைவுக்கு வரலாம். அது கௌரவப் பதவியாக இருந்தது. அமெரிக்க ஷெரிஃப் துப்பாக்கி ஏந்திய போலீஸ் அதிகாரி. பெரும்பாலான கவுண்டிகளில் சிறைச்சாலையும் அவர் கையில். வட கரோலினாவின் சார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் கவுண்டியில், சிறைக்கு வருபவர்களின் குடியேற்ற நிலையை விசாரித்து ஃபெடரல் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் ஒப்பந்தம் பல ஆண்டு நடப்பில் இருந்தது. 2018-ல் அதை முடிப்பேன் என்று சொல்லி நின்ற கேரி மக்ஃபேடன் ஜெயித்தார்; பதவியேற்றதும் முடித்தார். பிறகு 2024-ல் மாநிலச் சட்டமன்றம், ஷெரிஃப்கள் குடியேற்ற அதிகாரிகளுடன் ஒத்துழைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. ஆக, கவுண்டி ஓட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஆனாலும் இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே எத்தனை குடும்பங்களுக்கு அது நிம்மதி தந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பல இடங்களில் நில அனுமதியும் கவுண்டியிடம்தான். ஜார்ஜியாவின் நியூட்டன் கவுண்டியில் ஒரு முஸ்லிம் ஜமாஅத் மஸ்ஜிதும் கபரஸ்தானும் அமைக்க இடம் வாங்கியிருந்தது. 2016 ஆகஸ்ட்டில், தேர்ந்தெடுக்கப்பட்ட 5 கமிஷனர்கள் கொண்ட குழு வழிபாட்டுத் தலங்களுக்கான அனுமதியையே ஐந்து வாரம் நிறுத்தி வைத்தது. மத்திய நீதித்துறையின் பார்வை விழுந்த பிறகு, செப்டம்பரில் தடை நீங்கியது. அந்தக் குழுவில் ஒரு கமிஷனரைத் தேர்ந்தெடுப்பது கவுண்டியின் ஐந்தில் ஒரு பகுதி மக்கள் மட்டுமே.

இனி, மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய விஷயம். மேலே சொன்ன தேர்தல்களில் ஓட்டுப் போடுவதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். மிகச் சில ஊர்களில் மட்டும், அந்த ஊரின் தேர்தலுக்கு, விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர், எச்-1பி விசாவில் இருப்பவர், மாணவர், பிள்ளைகளைப் பார்க்கப் போன பெற்றோர் யாரும் வாக்காளராகப் பதிவுகூடச் செய்யக் கூடாது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் அலுவலகத்தில் "வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள். யோசிக்காமல் "ஆம்" என்று குறித்துக் கையெழுத்துப் போட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாக ஆகிவிடும். பின்னாளில் குடியுரிமை மனுவில், எப்போதாவது பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்ற கேள்வி வரும். விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், நாடு கடத்தலே நேரலாம். தெரியாமல் செய்திருந்தால், அடுத்த மனு எதையும் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடியுரிமை இல்லாதவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. கவுண்டிக் குழுக் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கும். பல இடங்களில் பேசவும் சில நிமிடம் தருவார்கள். நியூட்டன் கவுண்டியில் நடந்தது போன்ற நேரங்களில் ஜமாஅத்தார் அந்த அறையில் இருப்பது முக்கியம்.

குடியுரிமை பெற்ற அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராதென்றால், அவர்கள் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போக 1965 வாக்குரிமைச் சட்டம் உரிமை தருகிறது. மகன், மருமகள், பக்கத்து வீட்டார் யாராகவும் இருக்கலாம். அவருடைய முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது.

பதிவுக்கான கடைசி நாளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்பு, டெக்சாஸில் 30 நாள் முன்பு. நியூஜெர்சியில் கவுண்டிப் பதவிகளுக்கு ஆண்டுதோறும் நவம்பரில் தேர்தல் வரும். ஜனாதிபதித் தேர்தல் ஆண்டு மட்டும்தான் என்று இருந்துவிட வேண்டாம் என்று, அடுத்த முறை போனில் பேசும்போது பிள்ளைகளிடம் ஞாபகப்படுத்துங்கள்.