கதை படியுங்கள்! ஆயாவின் மனம் தெரியும்

அவளுக்கு வயது 137!

பெயர் மங்கத்தாயாரு அம்மாள். கோட்டையார் வீட்டுக்கு அவள்தான் மூத்தவள். முன்னோர் தங்கள் பெண்ணைக் காப்பாற்ற ஊரைவிட்டு ஓடி வந்த கதையை அவள் சொல்லுவாள். வீடே கூடி உட்கார்ந்து கேட்கும்.

இப்படி ஒரு பாட்டி எங்கே இருக்கிறாள்? 'கோபல்ல கிராமம்' என்ற நாவலில் இருக்கிறாள். 1976-ல் வெளிவந்த நாவல் அது. எழுதியவர் கி. ராஜநாராயணன்.

கி.ரா. பிறந்தது கோவில்பட்டி அருகே உள்ள இடைசெவல். ஆனால் கடைசி முப்பது ஆண்டுகளும் அவர் புதுச்சேரிக்காரர்தான். புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு 1989-ல் பேராசிரியராக வந்தார். பெரிய படிப்புப் படிக்காத விவசாயி அவர்! புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். கிராமத்துப் பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லி வந்த கதைகள் புத்தகம் ஆயின. 2021 மே 17-ந் தேதி, நூறை நெருங்கிய வயதில், புதுச்சேரியிலேயே காலமானார்.

பெரியவர்களின் பேச்சை உட்கார்ந்து கேட்டவர் கி.ரா. நம் வீட்டில் யார் கேட்கிறார்கள்?

வீட்டுக்கு வீடு நடப்பது

பாகூரில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். மூத்த மகன் ஊரோடு இருக்கிறான். இளையவன் சென்னையில் வேலை பார்க்கிறான். மகளை வில்லியனூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். 75 வயது ஆயா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

அன்று இரவே பேச்சு தொடங்குகிறது. "யார் பார்த்துக்கொள்வது?" "செலவு யாருடையது?" "நிலத்தை யார் பெயரில் எழுதுவது?" குரல்கள் உயருகின்றன. மருமகள் அழுகிறாள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிடுகிறது.

அறைக்குள் படுத்திருக்கும் ஆயாவுக்கு எல்லாம் கேட்கிறது. "உனக்கு என்ன வேண்டும், ஆயா?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை!

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பிலேயே 10 கோடிக்கு மேல். ஆகவே இது ஒரு வீட்டுக் கதை அல்ல.

கதையால் என்ன லாபம்?

"கதை படிப்பது வீண் பொழுது" என்று சொல்வோர் உண்டு. அது சரி அல்ல.

கதை படிக்கும்போது நாம் இன்னொருவர் மனத்துக்குள் போய் வருகிறோம். கிழவி ஏன் சோற்றை ஒதுக்கினாள், கிழவர் ஏன் பழைய பெட்டியைத் திறக்க விடவில்லை என்பதெல்லாம் கதையில் நமக்குப் புரிகிறது. அந்தப் பழக்கம் வந்துவிட்டால், சொந்த வீட்டில் ஆயா முகம் திருப்பும்போது கோபம் வருவதற்குப் பதில் கேள்வி வரும். "ஏன் இப்படிச் செய்கிறாள்?" என்று எண்ணத் தோன்றும். பராமரிப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

படிக்கிற பெரியவர்களுக்கும் நன்மை உண்டு. அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 50 வயதைத் தாண்டிய 3,635 பேரைப் பற்றிய விவரங்களை 12 ஆண்டுகளுக்கு ஆராய்ந்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். புத்தகம் படிக்கிறவர்களுக்கு அந்தக் காலத்தில் மரண அபாயம் 20 சதவீதம் குறைவாக இருந்தது. புத்தகம்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லையே!

பாகூருக்குக் கல்வி புதிதல்ல. 1,100 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஒரு கல்விச்சாலை நடந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் அதற்கு 3 ஊர்களைத் தானம் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. இன்றோ எல்லோருக்கும் நூலகம் இருக்கிறது. புதுச்சேரி ரோமன் ரோலந்து நூலகம் 1827-ல் தொடங்கியது. கிராமங்களிலும் கிளை நூலகங்கள் உண்டு.

விழும் முன்பே பேசுங்கள்

ஆயா நன்றாக நடமாடும்போதே குடும்பம் கூடிப் பேசிவிட வேண்டும். பேச்சில் ஆயாவும் இருக்க வேண்டும். முடிவை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

ஆயா எந்த வீட்டில் இருக்க விரும்புகிறாள்? உடன் இருந்து பார்ப்பது யார்? அவருக்கு மாதத்தில் சில நாள் ஓய்வு கொடுப்பது யார்? தூரத்தில் இருக்கும் பிள்ளை எவ்வளவு பணம் அனுப்புவது? இவை முதலில் முடிவாக வேண்டும். பார்ப்பது எல்லாம் மருமகள் தலையில், யோசனை சொல்வது மட்டும் மற்றவர் வேலை என்றால் வீடு உருப்படாது.

சாப்பிடும் மாத்திரைகள், ஆதார் அட்டை, பாங்குப் புத்தகம், பத்திரங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரவில் ஒரு சிறு விளக்கு. இந்தச் சிறு செலவு பெரிய செலவைத் தடுக்கும்.

70 வயது ஆனவர்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச ஆஸ்பத்திரி சிகிச்சை உண்டு. 2024 அக்டோபரில் இது தொடங்கியது. விழுந்த பிறகு அலையாமல், அட்டையை முன்பே வாங்கி வைப்பது நல்லது.

சட்டமும் துணை நிற்கும்

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. மகன் மட்டும் அல்ல; மகள், பேரன், பேத்தி எல்லோருக்கும் கடமை உண்டு. தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவு பிறக்கலாம். முதியவரைக் கைவிட்டு ஓடினால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

நிலத்தைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. "கடைசி வரை என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பிள்ளை சொல் தவறினால் பத்திரத்தை ரத்துச் செய்யச் சட்டம் வழி விடுகிறது. நிபந்தனை எழுதாமல் விட்டால் வழக்கு சிக்கலாகும்.

சந்தேகமா? 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் போன் செய்யலாம். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பதில் கிடைக்கும்.

இரவில் ஒரு அத்தியாயம்

சட்டம் சோறு வாங்கித் தரும். பாசம் வாங்கித் தருமா?

அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் டெலிவிஷனை அரை மணி நேரம் நிறுத்துங்கள். நூலகத்தில் எடுத்து வந்த நாவலில் ஒரு அத்தியாயத்தைப் பேத்தி உரக்கப் படிக்கட்டும். ஆயாவுக்கு எழுத்துத் தெரிய வேண்டியது இல்லை. காது இருந்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மாவுக்கும் அது நல்ல பழக்கம்.

நான்கு நாள் ஆயா சும்மா கேட்பாள். ஐந்தாம் நாள், "எங்கள் ஊரிலும் இப்படித்தான்..." என்று தொடங்குவாள். அவள் எதற்குப் பயப்படுகிறாள், எங்கே இருக்க ஆசைப்படுகிறாள் என்பது அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.

அப்போது புத்தகத்தை மூடிவிட்டு ஆயாவைக் கேளுங்கள்!