பேர் அடிபடும் இடங்கள்: மார்க்குகளைக் கண்காணிக்கும் இணையக் கருவிகள் குறித்து

1

விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற என் சித்தப்பா மகன், தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு வேலையோடு வீட்டுக்கு வந்தான். 'அண்ணே, நம்ம மார்க்கப் பத்தி இன்டர்நெட்ல எவன் என்ன எழுதினாலும் உடனே சொல்ற கருவியெல்லாம் இருக்காம். மொதலாளி பாக்கச் சொல்லியிருக்காரு. என்னென்ன வார்த்த போட்டுத் தேடணும்னு நீங்கதான் சொல்லணும். நீங்கதான் தமிழ் எம்.ஏ. ஆச்சே.' எம்.ஏ.வுக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு என்று எனக்குப் பாடம் நடத்தியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் அவனோடு உட்கார்ந்து சில கருவிகளை ஓட்டிப் பார்த்தேன். சிலவற்றைப் பற்றிப் படித்தேன். வியாபாரிகளின் சமாச்சாரத்தை இந்தப் பக்கங்களில் எழுதுவானேன் என்று கேட்கலாம். ஒரு பெயர் எங்கே, யாரால், எந்த அர்த்தத்தில் சொல்லப்படுகிறது என்பது மொழி சம்பந்தப்பட்ட கேள்வி. எந்தப் பெயர் கேட்கப்படுகிறது, எது கேட்கப்படாமல் போகிறது என்பது அதிகாரம் சம்பந்தப்பட்ட கேள்வி. இந்தக் கருவிகளுக்குள் இரண்டும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

'அவன் பேர் அடிபடுது' என்று நம் பக்கம் சொல்வோம். பேர் அடிபடும் இடங்களைத் தேடிக் கொண்டுவந்து கொடுப்பது பழைய தொழில்தான். 1880களில் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஹென்றி ரோமைக்கே போன்றவர்கள் இதற்கென்றே நிறுவனம் நடத்தினார்கள். பத்திரிகைகளைப் படித்து, சந்தா கட்டிய நடிகர், ஓவியர், அரசியல்வாதியின் பெயர் வந்த இடத்தையெல்லாம் கத்தரித்து அனுப்புவார்கள். கத்தரிக்கோலின் இடத்தில் இன்று நிரல் இருக்கிறது. கேட்கப்படுவது பத்திரிகையோடு நிற்காமல் சாதாரண ஜனங்களின் பேச்சுவரை வந்துவிட்டது என்பதுதான் புதிய விஷயம்.

சிவகாசிக்காரர்களுக்குப் 'பிராண்ட்' என்ற சொல் பின்னால் வந்தது. அதற்கு முன்பே 'மார்க்' இருந்தது: சேவல் மார்க், மயில் மார்க், அணில் மார்க். எழுதப் படிக்கத் தெரியாதவரும், தமிழே தெரியாத ஊர்க்காரரும் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கலாம். குறிப்பான் என்று நாம் சஸ்யூரை வைத்துப் பேசுகிறோமே, அதை லேபிளாக அச்சடித்து உலகத்துக்கு அனுப்பிய ஊர் இது.

2

கருவிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது இலவசமானது. கூகுள் அலர்ட்ஸ் 2003இல் வந்தது. உருவாக்கியவர் ஆந்திரக் கிராமம் ஒன்றில் பிறந்த நாகா கட்டாரு என்ற பொறியாளர். ஒரு சொல்லைக் கொடுத்துவைத்தால், அந்தச் சொல் வருகிற புதிய பக்கம் கூகுளின் கண்ணில் படும்போது மின்னஞ்சல் வரும். மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே தொடரைத் தேடும். கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் வரும் பக்கங்களைத் தள்ளிவிடும். செய்தித்தாள்கள், பொது இணையதளங்கள் வரைக்கும் இது போதும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பேச்சுக்களை இதில் எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது மாதச் சந்தாக் கருவிகள். போலந்தில் 2011இல் தொடங்கிய பிராண்ட்24, பிரான்சில் 2012இல் தொடங்கிய மென்ஷன் போன்றவை. பொதுவில் கிடக்கும் சமூக ஊடகப் பதிவு, யூடியூப், விமர்சனத் தளங்கள் எல்லாவற்றிலும் தேடி, எத்தனை தடவை பேர் வந்தது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று வரைபடம் போட்டுத் தரும். ஒவ்வொரு பேச்சின் பக்கத்திலும் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்', 'நியூட்ரல்' என்று முத்திரையும் குத்தும். எத்தனை சொல்லைத் தேடலாம், மாதம் எத்தனை பேச்சைக் காட்டும் என்பது கட்டுகிற பணத்தைப் பொறுத்தது.

மூன்றாவது பெரிய கம்பெனிகளுக்கானவை. மெல்ட்வாட்டர் (நார்வே, 2001), பிராண்ட்வாட்ச் (இங்கிலாந்தின் பிரைட்டன், 2007), டாக்வாக்கர் (லக்ஸம்பர்க், 2009). இந்த வகையில் விலையை வெளியே எழுதிப் போடும் வழக்கம் குறைவு; 'எங்கள் ஆளோடு பேசுங்கள்' என்பார்கள். பழைய பேச்சுக்களின் கிடங்கு இவர்களிடம் இருக்கிறது. பெயர் எழுதாமல் வெறும் படம் போட்டிருந்தாலும் லோகோவை அடையாளம் காண்கிற வசதியும் உண்டு. சேவலையும் மயிலையும் நம்பியிருக்கும் ஊருக்கு இது பொருந்தக்கூடியதுதான். ஆனால் அந்தச் சேவலை முதலில் கருவிக்குப் பழக்கித் தரணும். இவையும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கின்றன. பிராண்ட்வாட்சை 2021இல் சிஷன் வாங்கியது. டாக்வாக்கரை 2024இல் ஹூட்சூட் வாங்கியது.

எந்தக் கருவியும் தளத்தின் சொந்தக்காரர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் உள்ளே போக முடியும். ட்விட்டர் 2023இல் தன் இலவச வாசலை மூடியது. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று பார்க்கப் பத்திரிகையாளர்கள் பயன்படுத்திவந்த கிரவுட்டேங்கிள் என்ற கருவியை, 2016இல் அதை வாங்கிய ஃபேஸ்புக்கே 2024 ஆகஸ்ட் 14இல் நிறுத்தியது. பணம் கட்டிக் கேட்பவனுக்குக் கதவு திறந்திருக்க, பொதுநலனுக்காகக் கேட்டவர்களின் கதவு குறுகிவிட்டது. வாட்ஸ்அப் குழுக்கள் எல்லோருக்கும் மூடியவை. சிவகாசி வியாபாரத்தில் விலைப்பட்டியலும் வசையும் பெரும்பாலும் அங்கேதான் ஓடுகின்றன.

தம்பியின் கம்பெனிக்கு முதல் வகையே போதும் என்று சொன்னேன். அவர்களுக்கு உண்மையான ஆபத்து, வசவைவிடப் போலிதான். 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இணைய வணிகத் தளங்கள் வழியாகப் பட்டாசு விற்பதைத் தடுத்தது. ஆனாலும் சீசனுக்குச் சீசன் 'சிவகாசி நேரடி விற்பனை, பாதி விலை' என்று தளங்கள் முளைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகின்றன. 2024 தீபாவளிக்கு முன் தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு இதைப் பற்றி எச்சரித்தது. மார்க்கின் பெயரோடு 'ஆன்லைன்', 'தள்ளுபடி' என்ற சொற்களைச் சேர்த்துத் தேடிவைத்தால் போலிகளைச் சீக்கிரம் பிடிக்கலாம். இதற்கு ஆயிரக்கணக்கில் சந்தா கட்ட வேண்டியதில்லை.

3

அடுத்து மொழி. 'சிவகாசி' என்று கொடுத்தால் 2005இல் வந்த விஜய் படம் வந்து கொட்டுகிறது. 'பட்டாசு' என்றால் 2020இல் வந்த தனுஷ் படத்தின் மிச்சமெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது. 'பட்டாசா இருக்கு', 'சரவெடி வசனம்' என்று சினிமாவைப் புகழ்கிறவர்கள் வருகிறார்கள். 'புஸ்வாணம் ஆயிருச்சு' என்று கட்சிகளைத் திட்டுகிறவர்கள் வருகிறார்கள். நம் மொழி பட்டாசைக் கடைக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோய்விட்டிருக்கிறது.

இரண்டாவது தொல்லை வேற்றுமை உருபு. ஆங்கிலப் பெயர்ச்சொல் வாக்கியத்தில் பெரிதாக உருமாறாது. தமிழில் சிவகாசியில், சிவகாசிக்கு, சிவகாசிலருந்து, சிவகாசிக்காரன் என்று ஒவ்வொன்றும் இயந்திரத்துக்கு வேறு வேறு சொல்லாகிவிடும். போதாததற்குத் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள். அதில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒரு மார்க்குக்கு ஏறத்தாழ நாற்பது வடிவம் எழுதிக் கொடுத்தேன். நான் படித்த இலக்கணம் சோறு போட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

மூன்றாவது, அந்தப் பாசிட்டிவ்-நெகட்டிவ் முத்திரை. 'சத்தம் காது கிழியுது' என்பது பட்டாசுக்குப் பாராட்டு. 'ஒண்ணுகூட வெடிக்கல, எல்லாம் நமுத்துப் போச்சு' என்பது புகார். 'வெடித்தது' என்ற ஒரே வினை வாசலில் சந்தோஷம், தொழிற்சாலையில் சாவு. சொல்லை மட்டும் வைத்து உணர்வைக் கணக்கிடுகிற இயந்திரம் இதைத் தலைகீழாகப் படிப்பதில் ஆச்சரியமில்லை. 1996இல் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் வைத்த கெட்டவார்த்தை வடிகட்டி, இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் என்ற ஊர்ப்பெயருக்குள் ஒரு வசையைக் கண்டுபிடித்து, அந்த ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்கவிடாமல் தடுத்தது. நம் சேவல் மார்க்கை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அதே வடிகட்டியில் சிக்கும்.

இன்னொன்று உண்டு. பத்திரிகைகள் 'பட்டாசு ஆலை' என்று எழுதும். வேலைக்குப் போகிறவர்கள் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. 'பயர் ஆபீஸ்' என்பார்கள். ஆலை என்று தேடினால் பத்திரிகை பேசுவது கேட்கும். ஆபீஸ் என்று தேடினால்தான் ஜனங்கள் பேசுவது கேட்கும்.

4

சந்தாக் கருவி ஒன்றைச் சோதனைக்கு ஓடவிட்டிருந்த நாட்களில், ஒரு யூடியூப் வீடியோவின் கீழே யாரோ எழுதியது வந்து விழுந்தது. 'இந்த மார்க்கு வெடி நாங்கதான் செய்றோம். ஒரு ரூம்ல எத்தன பேர் உக்காந்திருக்கோம்னு வந்து பாருங்க.' வெடிபொருள் விதிப்படி பட்டாசு செய்யும் அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம். எழுதியவரின் படமும் பெயரும் அங்கேயே இருந்தன. கருவி அதற்குக் குத்தியிருந்த முத்திரை 'நியூட்ரல்'.

தம்பி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். 'இத மொதலாளிக்கு அனுப்பவா, வேண்டாமாண்ணே?' என்றான். கடைசியில் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருந்தது அவன் செய்த காரியம். கருவியில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அவன் இடத்தில் வேறொருவன் இருந்தால், அல்லது அறிக்கை நேராக முதலாளியின் கைப்பேசிக்கே போனால், மறுநாள் காலையில் அந்த ஆளுக்கு வேலை இருந்திருக்குமா? பார்க்கப்படுகிறவனுக்குத் தான் எப்போது பார்க்கப்படுகிறோம் என்று தெரியாது என்று ஃபூக்கோவைப் படித்து நாம் பேசியிருக்கிறோம். இங்கே அவன் சிறையில் இல்லை, ராத்திரி வீட்டில் படுத்துக்கொண்டு கைப்பேசி பார்க்கிறான்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கணும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இப்படிப்பட்ட செய்திகள் பெரும்பாலும் எப்படித் தொடங்குகின்றன என்று கவனியுங்கள்: 'தனியாருக்குச் சொந்தமான பட்டாசு ஆலை'. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவது வேறொருவராக இருக்கலாம். சரக்கு வேறொரு லேபிளில் போகலாம். கிஃப்ட் பாக்ஸில் பல ஆபீஸ் சரக்கு ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். ஆக, நல்ல சத்தத்தின் பெயர் மார்க்குக்கு. சாவின் பெயர் ஊருக்கு. முதலிப்பட்டி, அச்சங்குளம் என்று ஊர்கள்தான் அந்தப் பழியைச் சுமக்கின்றன. மார்க்கின் பெயரைத் தேடும் கருவிக்கு இந்த விபத்துகள் கேட்கவே கேட்காது. சரக்கைச் செய்த கையைச் சரக்கு மறைக்கிறது என்று மார்க்ஸ் எழுதியதை இவ்வளவு சுத்தமாக நிறைவேற்றுகிற வேறொரு இயந்திரத்தை நான் பார்க்கவில்லை.

பெயரும் சாவும் ஒரே இடத்தில் எழுதப்பட்டால் என்ன நடக்கும்? கொடைக்கானல் ஓர் உதாரணம். பாதரசக் கழிவு வெளியே கொட்டிக்கிடந்தது தெரியவந்து, அங்கிருந்த இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் வருடக்கணக்காக மனுவும் வழக்குமாக அலைந்தார்கள். 2015 ஜூலைக் கடைசியில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய வீடியோ ஒன்று யூனிலீவர் பெயரைச் சொல்லி, கொடைக்கானல் விடாது என்றது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், லண்டனிலிருந்த தலைமை நிர்வாகி பால் போல்மன் ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு ஜெயித்தது என்று சொல்லமாட்டேன். பதினைந்து வருஷப் போராட்டம் இல்லாமல் பாட்டே இல்லை. ஆனால் அந்தப் போராட்டத்தைக் கம்பெனியின் பெயரோடு சேர்த்துக் கட்டியபோது, பெயரைக் காக்கிறவர்களின் காதிலும் அது விழுந்தது.

5

இதைப் படிக்கும் தோழர்களுக்குச் சில யோசனைகள்.

இலவசக் கருவியில் மார்க்குகளுக்குப் பதிலாக ஊர்ப்பெயர்களைக் கொடுத்துவைக்கலாம். விஸ்வநத்தம், முதலிப்பட்டி, அச்சங்குளம், இன்னும் உங்களுக்குத் தெரிந்த ஊர்கள். கூடவே 'வெடி விபத்து', 'பட்டாசு ஆலை', 'பயர் ஆபீஸ்', 'மருந்து'. உருபு சேர்ந்த வடிவங்களையும் எழுதணும்: முதலிப்பட்டியில், முதலிப்பட்டியைச் சேர்ந்த. சினிமாச் சத்தத்தைக் கழித்தல் குறியால் வடிகட்டலாம். வருகிற ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இணையப் பக்கங்கள் காணாமல் போகும், நோட்டு இருக்கும். ஒவ்வொரு விபத்துக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: உரிமம் யார் பெயரில், நடத்தியது யார், சரக்கு எந்த லேபிளில் போனது, செத்தது யார். முதல் கட்டத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடலாம். மூன்றாவது கட்டத்தை எந்தக் கருவியும் நிரப்பித் தராது. அங்கே வேலை பார்த்தவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

அப்படிக் கேட்டதை இணையத்தில் எழுதும்போது சொன்னவரின் பெயரையோ ஊரில் அவரை அடையாளம் காட்டும் விவரத்தையோ போடாதீர்கள். மார்க்கின் பெயரும் அவர் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தால் முதலில் படிக்கப்போவது யார் என்று மேலே சொல்லிவிட்டேன்.

தம்பியின் கம்பெனியில் இப்போது கூகுள் அலர்ட்ஸ் மட்டும் ஓடுகிறது. அந்த நாற்பது வடிவங்களில் பாதியை அவன் எடுத்துவிட்டான். போலித் தளம் ஒன்று மாட்டியதில் முதலாளிக்குச் சந்தோஷம். சோதனையில் வந்த அந்த வரியை எழுதியவர் யார், இன்னும் அதே ரூமில்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.