செம்புத் தகட்டில் ஒரு கம்பளிப்புழு

ஒரு பூச்சியின் வாழ்க்கை முழுவதும் ஒரே படத்தில் அடங்குமா? மரியா சிபில்லா மேரியன் அடக்கிக் காட்டினார். 1647இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர் இவர். 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்து, அது கூடு கட்டுவதையும் அந்துப்பூச்சியாக வெளிவருவதையும் கவனித்தவர். சேற்றிலிருந்து பூச்சிகள் தாமாகவே பிறக்கின்றன என்று பலரும் நம்பிய காலம் அது!

1679இல் கம்பளிப்புழுக்களைப் பற்றி 50 படங்களுடன் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவற்றுக்கான செம்புத் தகடுகளை அமிலத்தாலும் உளியாலும் அவரே உருவாக்கினார். அமிலத்தால் வரைவதற்கு 'எட்சிங்' என்று பெயர். முதலில் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு தடவ வேண்டும். ஊசியால் வரைந்தால், கோடு போன இடத்தில் மட்டும் பூச்சு விலகிச் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் வைத்ததும் அந்தச் செம்பு அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். மெழுகை அமிலம் ஒன்றும் செய்யாது. அதிக நேரம் ஊறினால் பள்ளம் ஆழமாகும். கூடுதல் மை பிடிக்கும். கோடு கருமையாக விழும். பிறகு பூச்சை நீக்கி, பள்ளங்களில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஆனால் இடம் வலமாக மாறிப் பதியும்! அதனால் மேரியன் சில பிரதிகளில், மை காயும் முன்பே அந்த அச்சின்மேல் இன்னொரு காகிதத்தை வைத்து அழுத்தினார். படம் மறுபடி நேரானது. கோடுகளும் மென்மையாகி, வண்ணம் தீட்டத் தோதாக அமைந்தன.

முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி எல்லாவற்றையும் அந்தப் புழு தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார். எந்தப் புழுவுக்கு எந்த இலை என்பது அவருக்கு அவ்வளவு முக்கியம். என் கண்ணுக்கு அவருடைய மிகப் பெரிய அறிவியல் சாதனை இதுதான்.

1699இல், 52 வயதில், மகளுடன் கப்பலேறித் தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டுக்குப் போனார். அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மக்களும் பழங்குடியினரும் செடிகளைப் பற்றிச் சொன்னதையும் குறித்துக்கொண்டார். நம் ஊர் வேலிகளில் பூக்கும் மயில்கொன்றையும் 1705இல் வந்த அவருடைய சுரினாம் புத்தகத்தில் இருக்கிறது. அதில் 60 படங்கள். பெரும்பாலான தகடுகளை, அவர் வரைந்ததைப் பார்த்து வேறு கலைஞர்கள் செதுக்கினார்கள். ஒரு படத்தில் பெரிய சிலந்தி ஒன்று சிறு பறவையைத் தின்கிறது. "இது கட்டுக்கதை" என்று பின்னாளில் சிலர் ஒதுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பேட்ஸ் என்ற இயற்கையாளர் அமேசான் காட்டில் அப்படி ஒரு காட்சியைத் தம் கண்ணால் பார்த்து எழுதினார்.

உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ புழு தெரிந்தால் தட்டிவிடாதீர்கள். தினமும் பாருங்கள், வரையுங்கள். அது தின்னும் இலையையும் பக்கத்திலேயே வரைய மறக்காதீர்கள்.